ஈரக் குப்பை எரியாது, செரிக்கும்

குப்பையிலிருந்து மின்சாரம் என்றதும் பலருக்கும் பெரிய உலையும் உயரமான புகைபோக்கியும்தான் நினைவுக்கு வரும். டெல்லியிலும் 1987-இல் அப்படி ஒன்றைத்தான் கட்டினார்கள். இடம் திமார்பூர், தொழில்நுட்பம் டென்மார்க்குடையது, நாளுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் எடுப்பது திட்டம். சோதனை ஓட்டம் 21 நாள் நடந்தது, அதோடு நின்றுபோனது. குப்பை சரியாக எரியவில்லை.

அந்த உலைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 1,460 கிலோகலோரி வெப்பம் தரும் குப்பை வேண்டும். வந்த குப்பையில் இருந்ததோ 600, 700தான். ஆச்சரியமே இல்லை. சோறு, காய்கறித் தோல், டீத்தூள், தெருவைக் கூட்டிய மண், இதுதான் நம் நாட்டுக் குப்பையில் பெரும்பகுதி. நன்றாக எரியக்கூடிய அட்டையையும் காகிதத்தையும் பழைய பேப்பர்காரரும் குப்பை பொறுக்குபவர்களும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். மிச்சத்தில் ஒரு கிலோவுக்கு 600 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதை ஆவியாக்க மட்டுமே 320 கிலோகலோரிக்கு மேல் செலவாகிவிடும். அப்புறம் மின்சாரத்துக்கு என்ன மிஞ்சும்?

அதே தண்ணீர் வரமாகிற இடம் ஒன்று உண்டு. காற்றுப் புகாத தொட்டி. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை இந்த வழியில்தான் இயங்குகிறது. நாளுக்கு 550 டன் ஈரக் கழிவைச் செரிக்கவைத்து, 17,000 கிலோ வாகன எரிவாயுவும் 100 டன் உரமும் எடுக்கும் அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். நகரப் பேருந்துகளும் அந்த வாயுவில் ஓடுகின்றன.

உள்ளே நடப்பது ஒரு தொடர் ஓட்டம். முதலில் ஒரு கூட்டம் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தையும் கொழுப்பையும் புரதத்தையும் சிறு மூலக்கூறுகளாக உடைக்கும், அடுத்த கூட்டம் அவற்றை அமிலங்களாக்கும், இன்னொன்று அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சுருக்கும். கடைசியில் வரும் ஆர்க்கியா வகை நுண்ணுயிரிகள்தான் மீத்தேனைத் தருகின்றன. மாட்டின் இரைப்பையிலும் இவை வாழ்கின்றன, அதனால்தான் புதிய தொட்டியைத் தொடங்கும்போது சாணத்தைக் கரைத்து ஊற்றுகிறார்கள்.

சிக்கலும் இந்தக் கடைசி ஆட்களிடம்தான். அமிலம் உண்டாக்குகிறவை சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும், இவற்றுக்கோ நாட்கணக்கில் ஆகும். ஒரு கல்யாண சீசனில் லாரி லாரியாகச் சோறு வந்து கொட்டினால் அமிலம் பெருகி, கார அமில அளவு (pH, அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) 6.5-க்குக் கீழே இறங்கி, மீத்தேன் உற்பத்தி அப்படியே படுத்துவிடும். அப்போது உணவைக் குறைத்து, சுண்ணாம்பு போட்டு, பொறுமையாகக் காத்திருப்பதுதான் வழி. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் அளவுக்கு மீறிப் போனாலும் அவற்றின் எண்ணெய் இந்த நுண்ணுயிரிகளுக்கு ஆகாது. தேங்காய் மட்டையும் நாரும் வாரக்கணக்கில் கிடந்தாலும் செரிக்காது.

வெளியே வரும் வாயுவில் சுமார் 60 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. கூடவே அழுகின முட்டை நாற்றத்தோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு, இதை அப்படியே விட்டால் எஞ்சினை அரித்துத் தின்றுவிடும். இரண்டையும் பிரித்து எடுத்து, மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்து அழுத்தினால் வண்டிக்குப் போடலாம்.

இந்தூர்க் கணக்கை வகுத்துப் பாருங்கள், ஒரு டன்னுக்கு 31 கிலோ வாயு. கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே கழிவு குப்பை மேட்டில் காற்றில்லாமல் அழுகினாலும் மீத்தேன்தான் வரும், பிடிப்பார் இல்லாமல் வானத்துக்குப் போகும். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட அது ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும்.

என்னைக் கேட்டால் இந்தூரின் உண்மையான சாதனை தொட்டியில் இல்லை, வீட்டு வாசலில் இருக்கிறது. அங்கே குப்பை வண்டியிலேயே தனித்தனி அறைகள், ஆறு வகையாகப் பிரித்து வாங்குகிறார்கள். பிரிக்காமல் அனுப்பினால் கேரி பேக் கலக்கியின் தண்டில் சுற்றிக்கொண்டு இறுகும், மண்ணும் முட்டை ஓடும் அடியில் படிந்து தொட்டியின் கொள்ளளவைத் தின்னும். அதையெல்லாம் சமாளித்து ஓட்டினாலும் உரத்தில் கண்ணாடிச் சில்லும் பேட்டரியிலிருந்து கசிந்த உலோகங்களும் வந்து சேரும். அந்த உரத்தை எந்த விவசாயியும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்.