அபிஜித்திலிருந்து ஒரு குரல் வந்தால்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் ‘காண்டாக்ட்’ படத்தை மறுபடி போட்டோம். கார்ல் சேகன் நாவலை வைத்து 1997இல் வந்த படம்; வேற்றுலக உயிர்கள் அனுப்பும் ரேடியோ அலையைத் தேடும் ஒரு விஞ்ஞானியின் கதை. அக்கா மகனுக்கு அதுதான் முதல் தடவை. ஜோடி ஃபாஸ்டர் காதில் ஹெட்ஃபோனோடு கார்மேல் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். திடீரென்று தும் தும் என்று ஓர் ஓசை, வேகா விண்மீனிலிருந்து. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குப் புல்லரிக்கும்.

பையன் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: “மாமா, அது வானத்திலேருந்துதான் வருதுன்னு எப்படித் தெரியும்? பக்கத்துல யாரோ மைக்ரோவேவ் போட்டிருந்தா?”

உண்மையிலேயே அப்படி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் பல ஆண்டுகளாக அவ்வப்போது விழுந்துகொண்டிருந்த விசித்திரமான துடிப்புகள், மைக்ரோவேவ் அடுப்பை வேலை முடியுமுன் யாரோ திறந்ததால் வந்தவை என்று 2015இல் கண்டுபிடித்தார்கள்.

அவனுக்குக் காட்டுவதற்காக ஆயாவின் பழைய டிரான்சிஸ்டரை எடுத்தேன். மீடியம் வேவில் வைத்து, எல்.இ.டி. பல்பு பக்கம் கொண்டுபோனால் கொரகொரவென்று இரைகிறது. ரேடியோவை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. உள்ளே கம்பி சுற்றிய கருப்புக் குச்சி ஒன்று உண்டு. அதன் முனை இரைச்சல் வரும் பக்கம் பார்க்கும்போது அலை அதில் சரியாகப் பிடிபடாது. திருப்பித் திருப்பியே பல்பு இருக்கும் திசையை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

வானத்தில் ஒரு புள்ளியைப் பிடிக்க இது போதாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நமக்குத் தெரிகிறதே, இரண்டு காது இருப்பதால்தானே? ஒரு காதுக்கு ஒலி கொஞ்சம் முந்தி வரும், அந்த வித்தியாசத்திலிருந்து மூளை திசையைச் சொல்லிவிடும். படத்தில் வரும் நியூ மெக்சிகோவின் 27 டிஷ்களும் அப்படித்தான் வேலை செய்கின்றன.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே வடக்கு கேப்பின் காரூ வெளியில், கார்னார்வன் ஊருக்கு அப்பால், மீர்காட் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 13.5 மீட்டர் அகலத்தில் 64 டிஷ்கள்; 2018இல் திறந்தார்கள். காரூ அரே டெலஸ்கோப் என்பதன் சுருக்கம் காட். ‘மீர்’ என்றால் ஆஃப்ரிகான்ஸில் ‘இன்னும் அதிகம்’. அந்த வெளியில் நிமிர்ந்து நின்று பார்க்கும் கீரி போன்ற சின்னப் பிராணிக்கும் அதே பெயர்.

இரண்டு டிஷ்கள் கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். விண்மீன் நேர் உச்சியில் இருந்தால் அதன் அலை இரண்டையும் ஒரே கணத்தில் தொடும். கிழக்கு அடிவானத்தில் இருந்தால் ஒன்றுக்கு 3.3 மைக்ரோவினாடி முந்தும். பூமி சுழலச் சுழல இந்த இடைவெளி, அந்தந்த விண்மீனுக்கு உரிய கணக்கில், நகர்ந்துகொண்டே இருக்கும். 64 டிஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 2016 ஜோடிகள். எல்லா ஜோடிகளுக்கும் வேகாவுக்கு உரிய இடைவெளியைக் கணக்கிட்டு அலைகளைக் கூட்டினால், வேகாவிலிருந்து வருவது மட்டும் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து நிமிரும். பக்கத்துப் பண்ணையின் இயந்திரமோ மேலே போகும் விமானமோ கலைந்துபோகும்.

படத்தில் எனக்கு உறுத்துவது அந்த ஹெட்ஃபோன். இந்த வேலையை யாரும் காதால் செய்வதில்லை. கணினி வரும் அலையைக் கோடிக்கணக்கான மெல்லிய கீற்றுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் ஒரு ஹெர்ட்ஸ் அகலம். இயற்கையில் தோன்றும் ரேடியோ அலை இவ்வளவு ஒடுக்கமாக இராது. மிகக் குறுகியதுகூட நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸுக்குப் பரவி நிற்கும். ஆகவே ஒரு ஹெர்ட்ஸ் கீற்றில் ஒன்று பளிச்சிட்டால் ஏதோ ஒரு கருவி அனுப்பியது என்று சொல்லிவிடலாம். யாருடைய கருவி?

அதற்கும் ஒரு சோதனை உண்டு. பூமி சுழல்வதால் தூரத்து அலையின் அதிர்வெண் மெல்ல நழுவும். காரூவிலிருந்து, வேகா வடக்கே உச்சத்தில் நிற்கும்போது 1420 மெகாஹெர்ட்ஸில் இந்த நழுவல் நொடிக்குச் சுமார் 0.1 ஹெர்ட்ஸ்தான். நம்மோடு சேர்ந்தே சுழலும் ஒரு கோபுரத்தின் அலை இப்படி நழுவாது. தாழப் பறக்கும் செயற்கைக்கோளினுடையது இதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும்.

இதுவும் ஏமாற்றலாம். 2019இல் பார்க்ஸ் ப்ராக்சிமா செண்டாரி என்ற விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 982 மெகாஹெர்ட்ஸில் ஓர் ஒடுக்கமான அலை கிடைத்தது. அழகாக நழுவவும் செய்தது. ஆனால் அதே சாயலில் வேறு அதிர்வெண்களிலும் அலைகள் இருந்தன, தொலைநோக்கி வேறு பக்கம் பார்த்தபோதும் அவை தெரிந்தன. மனிதக் கருவிகளின் குறுக்கீடுதான் என்று 2021இல் முடிவானது. பார்க்ஸ் ஒற்றை டிஷ், ஒற்றைக் காது. இந்தத் தேடலுக்கு மீர்காட்டை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான். வேறு ஆய்வுக்காக அது வானத்தைப் பார்க்கும்போதே, அதே அலைகளிலிருந்து ஒரு பிரதி எடுத்து, ஒரே சமயத்தில் பல விண்மீன்களை, வேற்றுலக அலைகளைத் தேடும் ப்ரேக்த்ரூ லிஸன் குழு சோதிக்கிறது. 2022 டிசம்பரில் இதை அறிவித்தார்கள்.

தொலைநோக்கியைச் சுற்றியும் காவல் வேண்டும். 2007இல் வந்த ஒரு சட்டம் அந்தப் பகுதியில் ரேடியோ அலைகளைக் கட்டுப்படுத்துகிறது. வருகிறவர்கள் செல்ஃபோனை அணைத்துவிட வேண்டும். டிஷ்களின் அலைகளைச் சேர்க்கும் கணினிகளே இரைச்சல் கிளப்பும் என்பதால் அவற்றை நிலத்துக்கடியில், அலை கசியாத அறையில் வைத்திருக்கிறார்கள்.

படத்தில் மிகச் சரியாக எடுத்த இடம் எனக்கு அடுத்த சில நிமிடங்கள்தான். அலை கிடைத்ததும் அவர்கள் கொண்டாடவில்லை. விமானமா, செயற்கைக்கோளா என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார்கள். அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டு, அங்கேயும் கேட்கிறதா என்று விசாரிக்கிறார்கள். அந்தத் துடிப்புகள் பகா எண்களை எண்ணுகின்றன என்பது பிறகுதான் வருகிறது.

வேகா நமக்குப் புதிதில்லை. பஞ்சாங்கத்தில் வரும் அபிஜித் அதுதான். சுமார் 25 ஒளியாண்டு தூரம். டர்பனிலிருந்து ஆகஸ்ட் நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் நேர் வடக்கே பாருங்கள். கையை நீட்டி, அடிவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரம். படம் முடிந்ததும் பையன் கையை நீட்டி அளந்து பார்த்தான். இப்போது அங்கிருந்து கிளம்பும் அலை வந்து சேரும்போது அவனுக்கு முப்பத்தேழு வயதாகியிருக்கும்.