புரொடியூசர்: தயாரிப்பாளரா, ஆக்கப் பொறுப்பாளரா?

புரொடியூசர் என்றதும் நமக்குக் கோடம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். கடன் வாங்கியாவது பணம் போட்டு, படம் ஓடாவிட்டால் நட்டத்தைச் சுமப்பவர். ஜப்பானிய வீடியோ கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் வரும் புரொடியூசர் அவர் இல்லை. அங்கே பணம் நிறுவனத்துடையது. அதை எதற்குச் செலவிடுவது, யாரை எந்த வேலையில் போடுவது, எதை வெட்டுவது, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று முடிவெடுத்து, மேலே பதில் சொல்ல வேண்டியவர்தான் இவர்.

சொல்லின் வேர் லத்தீன். 'ப்ரோ' என்றால் முன்னே, 'டூகெரே' என்றால் நடத்திச் செல்வது. முன்னே கொண்டுவருபவர் என்பதே முதற்பொருள். பணத்தின் வாடை அதில் இல்லை. நாடகம், இசைத்தட்டு, சினிமா என்று சுற்றிவந்த சொல்லை, 1982இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கேம் துறைக்குள் கொண்டுவந்தது. ஜப்பானியர் 'புரோத்யூசா' என்கிறார்கள். செல்லமாக 'பீ' என்று சுருக்குவதும் உண்டு. ஃபைனல் ஃபேன்டசி 14 கேமின் புரொடியூசர் நவோகி யோஷிதாவை ரசிகர்கள் 'யோஷி-பீ' என்றே அழைக்கிறார்கள்.

இந்தப் பொறுப்புக்கு நிரல் (புரோகிராம்) எழுதும் மேசையிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்களில் யூஜி நாகாவின் பாதை சொல்லின் பொருளை நன்றாகக் காட்டும். 1965இல் ஒசாகா பகுதியின் ஹிராகதாவில் பிறந்தவர். பத்திரிகைகளில் அச்சான கேம் நிரல்களைத் தட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டு, கல்லூரிக்குப் போகாமல் 1984இல் ஜப்பானிய கேம் நிறுவனமான சேகாவில் சேர்ந்தார். 1987இல் வந்த ஃபேன்டசி ஸ்டார் கேமில், நாமே நடந்துபோவது போல் நகரும் முப்பரிமாணச் சுரங்கப் பாதைகள் இவர் கைவேலை. அப்புறம் 1991இல், சோனிக் என்ற முள்ளெலி ஓடும் கேம். நவோதோ ஓஷிமா உருவத்தை வரைந்தார், ஹிரோகஸு யாசுஹாரா தளங்களை அமைத்தார், நாகா நிரலை எழுதினார். மேடு, பள்ளம், வளையம் எதிலும் தடங்காமல் அந்த முள்ளெலி ஓடுவதற்குக் காரணம் அந்த நிரல்தான். குதிக்கும்போதே பந்தாகச் சுருண்டு எதிரியை அடிப்பதால், ஆட ஒரே பொத்தான் போதும். இத்தனை செய்தும் பெயர்ப் பட்டியலில் 'யூ 2' என்ற புனைபெயர்தான் இருக்கும். பணியாளர்களின் உண்மைப் பெயரைப் போடாதது அந்நாளில் அங்கே பரவலான வழக்கம்.

1996இல் வந்த நைட்ஸ் கேமில் அவரே புரொடியூசர், அவரே தலைமை நிரலர். நான் மிகவும் மதிக்கும் இடைக்கட்டம் இது. 1998இல் சோனிக் அட்வென்சருக்கு வரும்போது இயக்கம் தகாஷி ஈஸுகாவிடம் போய்விட்டது. நாகா முழுக்கப் புரொடியூசர். 2000இல் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன். சேகாவின் கேம் கருவியான ட்ரீம்காஸ்ட்டில் தொலைபேசி இணைப்பு வழியே நால்வர் சேர்ந்து ஆடலாம். ஆயத்தச் சொற்களைப் பொறுக்கி ஜப்பானியர் ஒரு வாக்கியம் அமைத்தால், ஜெர்மானியர் திரையில் அது ஜெர்மனில் தெரியும். இப்படியொன்றுக்கு வழிவகுப்பதும், அதற்கு ஆளும் நாளும் ஒதுக்குவதும்தான் புரொடியூசர் வேலை.

2006இல் சேகாவை விட்டு விலகி புரோப் என்ற சிறு நிறுவனம் தொடங்கினார். பின்னர் ஸ்கொயர் எனிக்ஸ் என்ற கேம் நிறுவனத்தில் பாலன் வொண்டர்வேர்ல்ட் கேமை இயக்கினார். வெளியாகாத தகவலை வைத்துப் பங்கு வாங்கிய வழக்கில் 2023இல் டோக்கியோ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? புரோகிராமருக்குச் சிக்கல் இல்லை: நிரலர். நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. இலக்கண வகுப்பில் படித்த நிரல்நிறையில் இருப்பதும் அதே சொல். கட்டளைகளை வரிசையாக எழுதுபவருக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது. இலங்கைப் பாடநூல்களில் செய்நிரல், செய்நிரலாக்கம் என்று வரும், அதுவும் அழகுதான்.

புரொடியூசருக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. உற்பத்தியாளர் என்பது பொருளியல் பாடத்துக்கு உரியது. தயாரிப்பாளரில் உள்ள 'தயார்' உருது வழியாக வந்தது; அது எனக்கு ஒரு குறையே இல்லை. சினிமாப் பொருள் முந்திக்கொள்வதுதான் குறை. வானொலியில் 'நிகழ்ச்சித் தயாரிப்பாளர்' என்பவர் பணம் போடுவதில்லை. ஆட்களைச் சேர்த்து, நேரம் குறித்து, நிகழ்ச்சியை ஒப்பேற்றுகிறார். கேம் புரொடியூசர் அவருக்கு நெருங்கிய உறவு. ஆகவே தயாரிப்பாளர் என்று எழுதினால் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழப்பமில்லாமல் எழுத விரும்புவோர்க்கு 'ஆக்கப் பொறுப்பாளர்' என்பதையே பரிந்துரைக்கிறேன். 'ஆக்குநர்' என்று சுருக்கினால் டெவலப்பருக்கு வழங்கும் உருவாக்குநரோடு மோதும்.

எழுதும் விதம்: சோனிக் (1991), நிரலர் யூஜி நாகா. நைட்ஸ் (1996), ஆக்கப் பொறுப்பாளரும் தலைமை நிரலரும் அவரே. ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் (2000), ஆக்கப் பொறுப்பாளர் யூஜி நாகா.