பேக்லாஷ்: எதிர்ப்பா, எதிர்ப்பலையா?

ஒரு முடிவுக்கு எதிராகப் பலரின் கோபம் திரும்பி அடிப்பதை ஆங்கிலத்தில் பேக்லாஷ் (backlash) என்கிறார்கள். விளையாட்டுச் செய்திகளில் இன்று அடிக்கடி அடிபடும் இச்சொல் பல்சக்கரங்களிலிருந்து வந்தது. ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் இரண்டு சக்கரங்களின் பற்களுக்கிடையே மயிரிழை அளவாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இறுகி நின்றுவிடும். ஒரே திசையில் சுழலும்வரை அந்த இடைவெளி இருப்பதே தெரியாது. திசையை மாற்றினால் தெரிந்துவிடும். ஓட்டும் சக்கரம் சற்றுத் தூரம் வெறுமனே நகர்ந்து, அடுத்த சக்கரத்தின் பல்லில் மறுபக்கமாகச் சட்டென்று மோதும். இந்தத் தளர்வையும் அதனால் விழும் அடியையும் சேர்த்தே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் பேக்லாஷ் என்றார்கள். பேக் என்றால் பின்னோக்கி. லாஷ் என்றால் சுளீரென்ற வீச்சு. நம் பட்டறைக்காரர்கள் இதையே 'பிளே' என்பார்கள். ஸ்டீரிங்கில் பிளே இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால் இந்தத் தளர்வைத்தான் சொல்கிறார்.

தூண்டில்காரர்களும் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வீசிய நரம்பு வெளியே போகும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றால் நரம்பு உள்ளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதற்கும் இதே பெயர். ஆனால் இச்சொல்லை இன்றைய பொருளில் ஊரறியச் செய்தது அமெரிக்க அரசியல். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் சட்டமாகக் கனிந்துகொண்டிருந்த 1963, 1964 ஆண்டுகளில், அதை வெறுத்த வெள்ளையர் வாக்குகள் எப்பக்கம் சாயும் என்ற கேள்வி எழுந்தது. அதைப் பேச வந்த நாளேடுகள் 'வெள்ளையர் பேக்லாஷ்' என்று எழுதத் தொடங்கின. அங்கிருந்து சந்தை, திரை, விளையாட்டு என எல்லா இடத்துக்கும் அது பரவிவிட்டது.

பரவியபோது ஒன்றை இழந்தது. அடி நினைவிருக்கிறது, தளர்வு மறந்துபோயிற்று. யார் எதைக் கண்டித்தாலும் பேக்லாஷ் என்று எழுதிவிடுகிறார்கள். தளர்வையும் சேர்த்துப் பார்த்தால்தான் இச்சொல்லின் முழுப்பொருள் விளங்கும். அதற்கு 2017 நவம்பர் 26-ஆம் தேதி டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் நடந்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

நாக்ஸ்வில்லில் உள்ள டென்னசி பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே அமெரிக்கக் கால்பந்து வெறும் கல்லூரி விளையாட்டு அல்ல. அதன் நேலண்ட் அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியரே கல்லூரி அணியின் பயிற்சியாளர்தான். ஆளுநர்கூட அவருக்குப் பின்னால்தான். ஆகவே பயிற்சியாளர் நியமனம் என்பது அங்கே மாநில விவகாரம்.

அந்த அணி 1998-இல் தேசியப் பட்டம் வென்றது. பயிற்சியாளர் பிலிப் ஃபுல்மர். 2008-இல் அவரையே வெளியேற்றினார்கள். அடுத்து வந்த லேன் கிஃபின் ஒரே ஒரு பருவம் இருந்துவிட்டு, 2010 ஜனவரியில் கலிபோர்னியாவில் வேறோர் அணிக்குப் போய்விட்டார். மாணவர்கள் தெருவில் மெத்தைகளைக் கொளுத்தினார்கள். பிறகு டெரக் டூலி, பிறகு பட்ச் ஜோன்ஸ். 2017-இல் ஜோன்ஸும் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். அவ்வாண்டு அணி 4 வெற்றி, 8 தோல்வி. தன் பிரிவுக்குள் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த அணியின் வரலாற்றில் ஒரே பருவத்தில் எட்டுத் தோல்வி அதுவரை நேர்ந்ததே கிடையாது. இத்தனைக்கும் நடுவே, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் பட்டமான சூப்பர் பவுலை வென்ற பயிற்சியாளர் ஜான் க்ரூடன் வரப்போகிறார் என்ற வதந்தியை ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் ஊதி ஊதிப் பெருக்கியிருந்தார்கள். எதிர்பார்ப்பு ஒரு பக்கம், நிலைமை மறுபக்கம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி இப்படித்தான் விழுந்தது.

நவம்பர் 25, சனிக்கிழமை: சொந்த அரங்கில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியிடம் கடைசி ஆட்டத்தையும் தோற்றார்கள். மறுநாள் ஞாயிறு, கிரெக் ஷியானோ பயிற்சியாளராக வருகிறார் என்ற செய்தி கசிந்தது. அப்போது அவர் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர். ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணிக்குத் தலைமை ஏற்ற 11 பருவங்களில் 68 வெற்றி, 67 தோல்வி. டாம்பா பே தொழில்முறை அணியில் இரண்டு பருவங்களில் 11 வெற்றி, 21 தோல்வி. க்ரூடனுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கே போதும்.

ஆனால் கோபம் பேசிய மொழி வேறு. ஷியானோ 1990-களின் முதற்பாதியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அதே அணியின் ஜெரி சாண்டஸ்கி, சிறுவர்கள் மீதான பாலியல் வன்கொடுமைக்காக 2012-இல் 45 குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர். அந்த விவகாரத்தில் மைக் மெக்குவெரி என்ற முன்னாள் உதவிப் பயிற்சியாளர் அளித்த வாக்குமூலம் 2016-இல் வெளியானது. சாண்டஸ்கியின் தகாத செயலொன்றைப் பார்த்ததாக ஷியானோ சொன்னார் என்று, அங்கே இன்னோர் உதவிப் பயிற்சியாளராக இருந்த டாம் பிராட்லி தன்னிடம் சொன்னதாக மெக்குவெரி அதில் கூறியிருந்தார். மூன்றாம் வாய்க்கு வந்த செவிவழிச் செய்தி. ஷியானோ மறுத்தார், பிராட்லியும் மறுத்தார். ஷியானோ மீது வழக்கு எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அதெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை. வளாகத்தில் மாணவர்கள் வண்ணம் பூசி எழுதும் பெரிய பாறை ஒன்று உண்டு. ஷியானோ கொடுமையை மூடிமறைத்தார் என்ற குற்றச்சாட்டு, நிரூபிக்கப்பட்ட உண்மைபோல அதில் எழுதப்பட்டது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் ட்விட்டரில் கண்டித்தார்கள். அரங்குக்கு அருகே கூட்டம் கூடியது. இரவுக்குள் நியமனம் கைவிடப்பட்டது. ஒப்பந்தத்துக்கு முந்தைய புரிந்துணர்வு ஆவணம்வரை வந்து நின்ற நியமனம் அது. விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கரி அடுத்தடுத்து வேறு ஆட்களைத் தேடி, டிசம்பர் 1-ஆம் தேதி தானே பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அவர் இடத்தில் வந்தவர், 2008-இல் வெளியேற்றப்பட்ட அதே ஃபுல்மர்.

இங்கே ஊடகம் இரண்டாகப் பிரிந்தது, அதுவும் சொல்லால் பிரிந்தது. தேசிய அளவில் எழுதியவர்கள் பலர் இதைக் கும்பலின் ஆட்டம் என்றார்கள்: நிரூபிக்கப்படாத ஒன்றை வைத்து ஒருவரின் பெயரைக் கெடுத்தார்கள், உண்மையான மனக்குறை வெற்றிக் கணக்குதான், பென் ஸ்டேட் வெறும் சாக்கு என்பது அவர்கள் வாதம். ரசிகர்கள் பக்கம் நின்றவர்களோ, பணம் கட்டி டிக்கெட் வாங்குகிறவர்கள், நன்கொடை தருகிறவர்கள் இறுதியில் வாய் திறந்தார்கள் என்றார்கள். கும்பல் என்றால் தீர்ப்பு அதிலேயே இருக்கிறது. மக்கள் குரல் என்றாலும் அப்படியே. பேக்லாஷ் என்ற சொல் எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு பேருக்கும் பயன்பட்டது. ஊடகத்துக்கு அது பிடித்துப்போனதன் ரகசியமும் இதுவே. என் கருத்தைக் கேட்டால், பாறையில் எழுதியது அநியாயம். ஆனால் அதை எழுத வைத்த கோபம் அன்று மதியம் பிறந்ததல்ல. அதில் ஒன்பது ஆண்டுத் தளர்வு இருந்தது. அன்றைய செய்தியை மட்டும் அளந்தவர்களுக்கு அடி அளவுக்கு மீறியதாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஷியானோ 2019 டிசம்பரில் ரட்கர்ஸுக்கே திரும்பிப் பயிற்சியாளரானார். டென்னசி அவருக்குப் பதில் எடுத்த ஜெரமி ப்ரூயிட், வீரர் சேர்ப்பு விதிமீறல்களுக்காக 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். பல்கலைக்கழகத்துக்குப் பிற்பாடு விதிக்கப்பட்ட அபராதம் எண்பது லட்சம் டாலருக்கு மேல்.

கோபம் எப்பக்கம் திரும்பினாலும் சொல் ஒன்றே. சாண்டஸ்கி விவகாரம் வெடித்த 2011 நவம்பரில், பென் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவை அதன் நிர்வாகக் குழு நீக்கியபோது, மாணவர்கள் அவருக்கு ஆதரவாகத் தெருவுக்கு வந்து ஒரு தொலைக்காட்சி வேனையே கவிழ்த்தார்கள். அதுவும் பேக்லாஷ்தான். மாறாக, 2001 டிசம்பரில் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக வந்த ஜார்ஜ் ஓ'லியரி ஐந்தே நாளில் விலகியதை இச்சொல்லால் குறிப்பது சரியல்ல. தன்விவரக் குறிப்பில் இல்லாத பட்டத்தை எழுதியிருந்தார், பிடிபட்டார், போனார். அங்கே விலக்கியது ஆவணம்.

இனித் தமிழ். முதலில் ஒதுக்க வேண்டியது 'பின்னடைவு'. பேக் என்பதைப் பார்த்ததும் சிலர் அதை எழுதிவிடுகிறார்கள். அது தோல்வி, சறுக்கல். வாண்டர்பில்டிடம் தோற்றது பின்னடைவு, பாறையில் எழுதியது அல்ல. 'பதிலடி' அடிபட்டவர் திட்டமிட்டுத் திருப்பித் தருவது. இங்கே திட்டம் இல்லை. 'எதிர்வினை' பாதகமில்லை, ஆனால் வேதியியல் வாடை அடிக்கிறது, பாராட்டும் எதிர்வினைதானே. 'கடும் எதிர்ப்பு' நாளேடுகளின் நல்ல பழைய தொடர். ஒரு சங்கம் தீர்மானம் போட்டாலும் அது பொருந்தும் என்பதால், பலர் ஒரே நேரத்தில் பொங்குவதைத் தனியே காட்டாது.

நான் கைக்கொள்வது 'எதிர்ப்பலை'. தேர்தல் காலத்தில் ஆட்சிக்கு எதிரான அலை என்று எழுதிப் பழகிய மொழி நம்முடையது. கடலில் எங்கோ திரண்டு கரையில் வந்து அறைவது அலை. ஆகவே தளர்வு இல்லாவிட்டாலும் திரட்சி அதில் கிடைத்துவிடுகிறது. ரசிகர் எதிர்ப்பலை என்று கூட்டிச் சொல்லவும் வாகாக இருக்கிறது. பொறியியலுக்கு அது உதவாது. அங்கே 'பல்லிடைத் தளர்வு' என்றால் மாணவருக்குப் படம் வரையாமலே புரியும்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ஷியானோ நியமனம் எதிர்ப்பலையைப் பெற்றது என்று எழுதினால் பரிசு வாங்கியதுபோல் இருக்கிறது. நியமனத்துக்கு எதிர்ப்பலை எழுந்தது, கிளம்பியது, அடங்கியது, ஓய்ந்தது என்று எழுதலாம். நாக்ஸ்வில்லில் அது எழவும் நியமனத்தை அடித்துச் செல்லவும் ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது.