மலை ரோட்டு ஜீப்புக்குக் கூடுதல் விளக்கு: சட்டம் எதை விடுகிறது, எதை விடாது

நீலகிரியில் பழைய ஜீப்போ புது மஹிந்திரா தாரோ வாங்கியவர்களில் பாதிப் பேர் முதலில் செய்கிற வேலை, கோயம்புத்தூர் போய்க் கூரைக்கு மேல் எல்இடி பார், அதாவது நீளமான பட்டை விளக்கு, மாட்டுவதுதான். நானும் மாட்டினேன். கட்டபெட்டு தாண்டியதும் மூடுபனி இறங்கியது. சுவிட்சைப் போட்டேன், கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிட்டது. பானெட்டின் முனைகூடத் தெரியவில்லை. அணைத்துவிட்டு டிம்மில் ஊர்ந்துதான் வீடு சேர்ந்தேன். கொஞ்ச நாளில் ஒரு வாகனச் சோதனையில் அதே விளக்குக்கு அபராதமும் கட்டினேன். விதியை எடுத்துப் படித்தது அதற்கப்புறம்தான். நம் மலைக்கு உதவாத விளக்கைத்தான் அந்த விதியும் தடுக்கிறது என்று அப்போது புரிந்தது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விளக்குக்கென்றே சில விதிகள் உண்டு. இருட்டில் 155 மீட்டர் முன்னால் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது விதி 105. நல்ல நிலையில் உள்ள கம்பெனி ஹெட்லைட்டே இதற்குப் போதும். விதி 111 நேரடியாகவே பேசுகிறது: வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் இருக்கக் கூடாது. அபூர்வமான தேவை என்றால் பதிவு அதிகாரியிடம், அதாவது ஆர்டிஓ அலுவலகத்தில், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 'எரியவிட்டால்தானே தப்பு, கவர் போட்டு மூடி வைத்திருக்கிறேன்' என்று பலர் வாதாடுகிறார்கள். விதி எரிவதைப் பற்றி மட்டும் பேசவில்லை, வண்டியில் இருப்பதையே தடுக்கிறது. எஸ்டேட்டுக்குள் மட்டும்தான் போடுவேன் என்றாலும், அந்த வண்டி மார்க்கெட்டுக்கு வரும்போது பொது ரோட்டில்தானே வருகிறது.

அப்படியானால் எதை மாட்டலாம்? ஃபாக் லேம்ப், அதாவது மூடுபனி விளக்கு, மாட்டலாம். அதற்கு ஏஐஎஸ் 008 என்ற இந்திய வாகனத் தரநிலை அளவு சொல்கிறது. நிறம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம். டிம் விளக்கின் உச்சியைவிட மேலே ஏறக் கூடாது, தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கவும் கூடாது. தாழ வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால் அந்தத் துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வரும். கூரை பாரிலும் பிரைட்டிலும் நடப்பது அதுதான். பம்பர் உயரத்திலிருந்து கிளம்பி, தட்டையாக விரிந்து தரையோடு போகிற வெளிச்சம் ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டையும் கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பையும் காட்டும். கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையிலோ குன்னூர் மலை ரோட்டிலோ நமக்கு வேண்டியது அவ்வளவுதான். 300 மீட்டர் நேர்ரோடு நம் மலையில் எங்கே இருக்கிறது, தூரம் பாய்கிற விளக்குக்கு? மஞ்சளில் ஏதோ மந்திரம் இருப்பதாகக் கடையில் சொல்வார்கள். சிலருக்குக் கண்கூச்சம் குறையலாம், ஆனால் உயரத்தையும் வெளிச்சம் விரியும் விதத்தையும் பார்த்துவிட்டு நிறத்துக்கு வாருங்கள்.

வாங்கும்போது உங்கள் மாடலின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் ஃபாக் லேம்ப் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பம்பரில் அதற்கான இடம் பெரும்பாலும் மூடியோடு தயாராக இருக்கும். வெளியில் வாங்கினால் விளக்கின் கண்ணாடியில் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள். 55 வாட்ஸ் விளக்கு இரண்டு சேர்ந்தால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் ரிலேயும் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் இடைச் சுவிட்ச்) 15 ஆம்பியர் ஃபியூஸும் இல்லாமல் மாட்டவே வேண்டாம். ஹெட்லைட்டில் 60/55 வாட்ஸ் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போடுவதும் விதிக்குப் புறம்பு, ஹோல்டரும் உருகும்.

விதி 106-ஐ வீட்டிலேயே சோதிக்கலாம். விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலது பக்கம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால் டிம் வெளிச்சம் அந்தக் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. சமதளத்தில் சுவருக்கு 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, சாக்பீஸால் 1.5 மீட்டரில் கோடு போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்கு நன்றாகக் கீழே நிற்க வேண்டும். இதை வெறும் வண்டியில் பார்த்தால் மட்டும் போதாது. பின்னால் நாலு மூட்டை கேரட் ஏறினால் மூக்கு தூக்கும், எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். லெவல் திருகு இருந்தால் லோடுக்கு ஏற்ப இறக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கை மாட்ட இடம் வேண்டும் என்று முன்னால் இரும்புக் கம்பி பம்பர் போடுகிறவர்கள் கவனிக்க: 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சில வண்டிகளில் ஏர்பேக் சென்சாருக்கும் அது இடைஞ்சல்.

அபராதத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவான விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய். அனுமதியில்லாத மாற்றம் என்று பிரிவு 182ஏ-யில் போட்டால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. மஞ்சள் போர்டு (வாடகை) ஜீப் என்றால் எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பாரைக் கழற்றச் சொல்வார். கழற்றிவிட்டுப் போய், வந்ததும் திரும்ப மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கென்னவோ அது வீண் உழைப்பாகத்தான் படுகிறது.

காட்டு ரோட்டில் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்ளும். முதுமலை போன்ற சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆம் பிரிவின்படி குற்றம். சாலையில் நிற்கும் காட்டுமாட்டின் முகத்தில் பாரைப் போட்டு வீடியோ எடுத்தால் வனத்துறையிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம், பந்திப்பூர் வழியாக மைசூர் போகிற ரோடு சொந்த வண்டிகளுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அந்த ரோட்டுக்கென்று விளக்கு வாங்குவதாக இருந்தால் அந்தக் காசை டயருக்குப் போடலாம்.