மர்மம் என்ற சொல் யாரைக் காப்பாற்றுகிறது?

கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலை. உயர்தர மாணவி ஒருத்தி வார இதழை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்: "மர்மம் விலகாத உலங்கு வானூர்தி விபத்து." மர்மக் காய்ச்சல், மர்ம நபர், மர்மப் பொருள் என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு இப்போது மர்ம விபத்தும் வந்துவிட்டது.

சொல்லின் பிறப்பு சிறிய கதை. 'மர்மன்' வடசொல், அடிபட்டால் உயிர் போகும் இடம். நம் வைத்தியர்கள் சொல்லும் வர்மம் அதுதான். பழைய செய்யுள்களில் மருமம் என்று வந்து மார்பைக் குறிக்கும். உயிர்நிலையை யாரும் வெளியே காட்டுவதில்லை. இரகசியம் என்ற பொருள் அப்படி ஒட்டியிருக்க வேண்டும். வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. அது பொய் சொல்கிறது என்பதே என் வழக்கு.

இதழ் சொன்ன விபத்து 1994 ஜூன் 2இல் நடந்தது. வட அயர்லாந்திலிருந்து புறப்பட்ட பிரித்தானிய விமானப்படையின் சினூக் ரக ஹெலிகொப்டர், ஸ்கொட்லாந்தின் கின்டயர் முனையில் மூடுபனிக்குள் மலையில் மோதியது. 29 பேரும் இறந்தார்கள். அவர்களில் 25 பேர் உளவு, பாதுகாப்புத் துறையினர் அடங்கிய பயணிகள். கறுப்புப் பெட்டி அதில் பொருத்தப்படவே இல்லை. அப்படியிருந்தும் 1995இல் பழி முழுவதும் இறந்துபோன இரு விமானிகள் மேல் விழுந்தது. 16 ஆண்டுகள் கழித்து, 2011இல், அந்தத் தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டது. ஆனால் ஆவணங்கள் சில 100 ஆண்டுகளுக்குப் பூட்டப்பட்டிருக்கின்றன. பூட்டியவர் இருக்கிறார், சாவியும் அவர் கையில் இருக்கிறது. இதில் மர்மம் எங்கே வந்தது?

'மர்மம்' வேண்டாம் என்பவர்கள் உடனே 'புதிர்' என்கிறார்கள். இது அதைவிட மோசம். புதிர் போடுபவன் விடையை வைத்துக்கொண்டு விளையாடுகிறான். அவிழ்ப்பவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். 29 பேரின் சாவு விளையாட்டா? அதோடு வன்னியில் புதிர் என்றால் வேறு. தைப்பூசத்தன்று வயலில் முதற்கதிர் அறுத்து, புத்தரிசி பொங்கிப் படைப்பதைப் 'புதிர் எடுத்தல்' என்கிறோம். நெல் மணக்கும் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் எரிந்த இரும்புக்கு மாட்டுவதற்கு எப்படி மனம் வருகிறது? மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். ஹெலிகொப்டருக்கு உலங்கு வானூர்தி என்று வைத்தவர் அப்படிச் செய்யவில்லை. உலங்கு என்பது கொசுவுக்குப் பழைய பெயர். நின்ற இடத்தில் நின்று இரைவதைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

நம்மிடம் 'துலங்கு' இருக்கிறது. பொங்கலுக்கு முன் பித்தளை விளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்த்தால் அது துலங்கும். தேய்க்கும் கை துலக்குகிறது. துப்புத் துலக்குவதும் இதே வினைதான். தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

1943 ஜூலை 4இல் ஜிப்ரால்டரில் போலந்துத் தலைவர் சிகோர்ஸ்கியின் விமானம் கடலில் விழுந்தது. விமானி மட்டும் பிழைத்தார். கட்டுப்பாட்டுக் கருவிகள் இறுகிப்போயின என்றது விசாரணை; எப்படி இறுகின என்று அதனால் சொல்ல முடியவில்லை. 2008இல் உடலைத் தோண்டியெடுத்துக்கூடப் பார்த்தார்கள். தேய்த்தும் துலங்கவில்லை. அது 'துலங்காத விபத்து'. சினூக் அப்படியல்ல. அது துலக்கப்படாதது.

இந்த வேறுபாட்டை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் அமர்ந்தார்கள். பிள்ளைகளைக் 'கையளித்தோம்' என்பது அவர்கள் சொல். கையளித்த இடம் தெரியும், நாள் தெரியும், வாங்கிக்கொண்டவர்கள் எந்தத் தரப்பு என்பதும் தெரியும். அதை ஒரு பத்திரிகை 'மர்மமான முறையில் காணாமற்போனோர்' என்று எழுதியதைப் பார்த்தேன். வாங்கியவரை வாக்கியத்திலிருந்தே துடைத்துவிடும் எழுத்து அது.

மாணவியிடம் தலைப்பை மாற்றச் சொன்னேன். பென்சிலால் 'மர்மம் விலகாத' என்பதை வெட்டி, மேலே 'துலக்கப்படாத' என்று எழுதினாள். பிறகு, "யாரால் என்றும் போடவா, சேர்?" என்று கேட்டாள். போடச் சொன்னேன்.