முயலுக்குக் கேரட் கிடைத்தது, கணக்கு யாருக்குக் கிடைத்தது?

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் ஈசூனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு ஐந்து வயது, பாலர் பள்ளிக்குப் போகிறாள். சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு டேப்லெட்டில் கணக்கு விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு முயல், அதன் தலைக்கு மேலே ‘3 + 4’, பக்கத்தில் நான்கு பலூன்கள். 6ஐத் தட்டினாள், ‘டொய்ங்’ என்றது. 8ஐத் தட்டினாள், மறுபடியும் ‘டொய்ங்’. 7ஐத் தட்டியதும் பலூன் வெடித்து, முயலின் வாயில் கேரட் விழுந்து, நட்சத்திரங்கள் கொட்டின.

“சித்தி, நான் ஜெயிச்சிட்டேன்!”

“மூணும் நாலும் எவ்வளவு கண்ணு?”

திரையைப் பார்த்தாள். அங்கே அடுத்த கணக்கு வந்துவிட்டிருந்தது. “அது போயிடுச்சே சித்தி” என்றாள்.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தவறாகத் தட்டினால் எந்த நஷ்டமும் இல்லாத விளையாட்டில், வரிசையாகத் தட்டிப் பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம். எண்ணிப் பார்ப்பது நேர விரயம். ஐந்து வயதில் அதைக் கண்டுபிடித்தவளை நான் மெச்சத்தான் செய்தேன். ஆனால் அக்கா இதைக் காசு கொடுத்து வாங்கியது வேறொரு நம்பிக்கையில். தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கான தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2019இல் எடுத்துவிட்டது. பெற்றோரின் பதற்றத்தை எடுக்க அதனாலும் முடியவில்லை.

கணினி விளையாட்டு கணக்குச் சொல்லித் தருமா என்று கேட்டால், தரும். ஆனால் எந்த இடத்தில் தருகிறது என்று தெரிய, குழந்தையின் தலைக்குள் எண் எப்படி உட்காருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அளவைப் பற்றிய ஒரு மங்கலான உணர்வு பிறந்த சில மாதங்களிலேயே இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கு 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் காட்டினால் வித்தியாசம் தெரிகிறது. 8ஐயும் 12ஐயும் காட்டினால் தெரிவதில்லை. மூன்று நான்கு பொருள்கள் வரை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். பெரியவர்களான நாமும் அப்படித்தான் பார்க்கிறோம். அதற்கு மேல் போனால் எண்ணியாக வேண்டும், எண்ணச் சொற்கள் வேண்டும். அந்தச் சொற்கள் முதலில் வெறும் பாட்டாகத்தான் வருகின்றன. மூன்று வயதுப் பிள்ளை பத்து வரை கடகடவென்று ஒப்பிக்கும். “அஞ்சு ஸ்பூன் எடுத்துட்டு வா” என்று சொல்லிப் பாருங்கள், கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வரும். கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்தத்தின் அளவு என்பது பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில்தான் பிடிபடுகிறது.

அதன் பிறகும் எண்கள் சம இடைவெளியில் நிற்பதில்லை. ஒரு கோடு போட்டு, இந்த முனை 0, அந்த முனை 100, இதில் 10 எங்கே என்று பாலர் பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால், கிட்டத்தட்ட நடுவில் கொண்டுபோய் வைக்கும். சின்ன எண்கள் கைகால் நீட்டிப் படுத்திருக்க, பெரிய எண்கள் ஓரத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும், காலை நேர எம்ஆர்டி ரயில் மாதிரி. இந்த நெரிசல் நீங்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் அதனதன் இடம் கிடைக்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் அதற்குப் பிறகுதான் சுலபமாகும்.

இதைச் சரிசெய்ய எவ்வளவு எளிய விளையாட்டு போதும் என்பதை அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் காட்டினார்கள். ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள், 1 முதல் 10 வரை எண்கள். சுழற்றினால் 1 அல்லது 2 விழும். காயை நகர்த்தும்போது கட்டத்திலுள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல விளையாடினார்கள். எண்களை ஒப்பிடுவது, கோட்டில் இடம் குறிப்பது, எண்ணுவது எல்லாமே மேம்பட்டன. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. அதே பலகையில் எண்களுக்குப் பதில் வண்ணங்களை வைத்து விளையாடிய பிள்ளைகளிடம் இந்த மாற்றம் இல்லை. மறு ஆண்டு கட்டங்களை வட்டமாக வளைத்துப் பார்த்தார்கள். எண்கள் அதேதான், பலன் மட்டும் அந்த அளவுக்கு வரவில்லை.

நேர்வரிசையில் என்ன விசேஷம்? 8ஆம் கட்டத்துக்குப் போக, 4ஆம் கட்டத்துக்குப் போவதைப்போல இரண்டு மடங்கு தூரம் போக வேண்டும். கை இரண்டு மடங்கு நகர்கிறது, வாய் இரண்டு மடங்கு சொற்களைச் சொல்கிறது, நேரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. ‘எட்டு’ என்ற சொல்லின் அளவைக் கண்ணும் கையும் வாயும் ஒரே சமயத்தில் குழந்தைக்குச் சொல்கின்றன. வட்டத்தில் இந்த ஒத்திசைவு கலைந்துவிடுகிறது. நம் பரமபதப் பலகையிலும் வரிசை முடிந்ததும் எண்கள் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடுவதால், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஒற்றை வரிசைதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காய் 5இல் இருக்கிறது, 2 விழுந்தது. பிள்ளை என்ன சொல்லும்? “ஒண்ணு, ரெண்டு.” சொல்ல வேண்டியது “ஆறு, ஏழு.” ஒன்றிலிருந்து சொல்லும் பிள்ளைக்குக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான்; எண்ணைப் பார்க்கவே வேண்டியதில்லை. இருக்கும் இடத்திலிருந்து மேலே எண்ணும் பிள்ளையோ ஐந்தோடு இரண்டைக் கூட்டிக்கொண்டே போகிறது. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் நூறு கட்டப் பலகையை வைத்து இதைச் சோதித்தார்கள். மேலே எண்ணியவர்களே அதிகம் கற்றார்கள்.

இப்போது டேப்லெட்டுக்குத் திரும்புவோம். பல செயலிகளில் ‘2’ என்று தட்டியதும் முயல் தானாகவே துள்ளி ஏழாம் கட்டத்தில் போய் நிற்கிறது, எண்களையும் அதுவே சொல்லிவிடுகிறது. எந்த வேலையைச் செய்தால் பிள்ளை கற்குமோ, அந்த வேலையைக் கணினி பிடுங்கிக்கொள்கிறது. முயல்தான் கணக்குப் படிக்கிறது.

கணினியால் ஆகக்கூடியதும் உண்டு. அதன் பெரிய பலம், எதிரே இருக்கும் பிள்ளைக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்வது. கணக்குக் கற்பதில் தனிச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்காக ஆனா வில்சன், ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் பிரான்சில் ‘நம்பர் ரேஸ்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். இரண்டு குவியல்களில் எது பெரியது என்று பிள்ளை சொல்ல வேண்டும். நான்கில் மூன்று முறை சரியாக வருகிற அளவுக்கு விளையாட்டு தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். பிள்ளை தடுமாறினால் 9ஐயும் 2ஐயும் தரும். தேறிவிட்டால் 6ஐயும் 5ஐயும் தந்து நேரத்தையும் குறைக்கும். எப்போதும் வென்றால் சலிப்பு, எப்போதும் தோற்றால் அழுகை, இரண்டுக்கும் நடுவே பிடித்து நிறுத்தும் வித்தை அது. தாயம் ஆடும்போது பேத்தி முகம் சுருங்குவதைப் பார்த்து, கைக்கு வந்த வெட்டைப் பார்க்காததுபோல் விட்டுவிடும் பாட்டி செய்வதும் இதைத்தான்.

பலனை மிகைப்படுத்தக் கூடாது. 2006இல் வெளிவந்த அந்த முதல் ஆய்வில் இருந்தவர்கள் 7 முதல் 9 வயதுக்குள் ஒன்பதே பிள்ளைகள். ஐந்து வாரப் பயிற்சியில் எண்களை ஒப்பிடும் வேகமும் கழித்தலும் முன்னேறின, கூட்டல் முன்னேறவில்லை.

நல்ல விளையாட்டின் இன்னோர் அடையாளம், கணக்கே ஆட்டமாக இருப்பது. இங்கிலாந்தில் ஜேக்கப் ஹாப்குட், ஷேரன் ஐன்ஸ்வொர்த் 2011இல் வெளியிட்ட ஆய்வின் கணினி விளையாட்டில், மார்பில் எண் எழுதிய எலும்புக்கூடுகளை எந்த எண்ணால் வகுக்க முடியுமோ அதற்குரிய ஆயுதத்தால் வெட்ட வேண்டும். மற்றொரு வடிவத்தில் சண்டை தனி, வகுத்தல் கேள்விகள் தனி. வகுத்தலையே வாளாகப் பிடித்த பிள்ளைகள்தான் அதிகம் கற்றார்கள். நம் முயல் இரண்டாவது சாதி: கணக்கு கசப்பு மருந்து, கேரட் அதன்மேல் தடவிய தேன்.

எந்த மொழியில் விளையாடுகிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. ‘இலெவன்’, ‘டுவெல்வ்’ என்ற சொற்களுக்குள் பத்து ஒளிந்துகொண்டிருக்கிறது. ‘பதினொன்று’, ‘பன்னிரண்டு’ என்றால் பத்தும் மிச்சமும் காதிலேயே விழுகின்றன. சீனமும் அப்படித்தான், பதினொன்றைப் ‘பத்து ஒன்று’ என்றே சொல்கிறது. (தொண்ணூறு, தொள்ளாயிரம் பக்கம் வந்தால் தமிழும் காலை வாரிவிடும், அதை ஒப்புக்கொள்கிறேன்.) ஆங்கிலத்தில் பேசும் செயலியை ஊமையாக்கிவிட்டு, பிள்ளையைத் தமிழில் சொல்லவைத்தால் அதே விளையாட்டு இன்னொரு பாடம் நடத்தும்.

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் கணக்கு முதலில் கைக்கு, பிறகு படத்துக்கு, அப்புறம்தான் குறியீட்டுக்குப் போகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்திலிருந்து வந்த வழி அது. திரை எவ்வளவு பளபளத்தாலும் அதில் இருப்பது படம்தான், கையில் பிடிக்கும் பொருள் ஆகாது. நேரத்துக்கும் வரம்பு உண்டு. ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரை, பள்ளிக்கு வெளியே நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் திரை இருக்கட்டும் என்கிறது சுகாதார அமைச்சின் 2025 வழிகாட்டி.

அன்று சாயங்காலம் பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டிப் பத்துக் கட்டம் போட்டேன். காய்களாக இரண்டு பாட்டில் மூடி. முதல் ஆட்டத்தில் “ஒன், டூ” என்றே நகர்த்தினாள். “கட்டத்துல என்ன போட்டிருக்கு?” என்று நான்கைந்து முறை கேட்ட பிறகு “சிக்ஸ், செவன்” வந்தது. மூன்றாவது ஆட்டத்தில் நான் கேட்கவே இல்லை. நடுவில் 1 விழுந்ததை 2 என்று ஏமாற்றவும் பார்த்தாள்; அதற்கும் எண் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, விட்டுவிட்டேன்.

சாப்பாடு வாங்கிக்கொண்டு திரும்பும்போது லிஃப்ட் நான்காம் மாடியில் நின்று கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை. அக்கா வீடு ஒன்பதாம் மாடி. “இன்னும் எத்தனை மாடி கண்ணு?” என்றேன். கதவுக்கு மேலே மாறும் எண்களைப் பார்த்து ஒவ்வொரு விரலாக மடக்கினாள். “அஞ்சு... ஆறு... செவன்... எட்டு... நைன்.” கதவு திறந்தபோது கை முழுவதும் மூடியிருந்தது. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, “சித்தி, அஞ்சு!” என்றாள்.