பட்டத்துக்கு ஒரு கடிகாரம் வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் என்னிடம் நிரலாக்கம் பழகும் மாணவி ஒருவர், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களை உலாவித் திரையில் பறக்கவிட்டுக் காட்டினார். மடிக்கணினியில் பத்துப் பட்டங்கள் அழகாக ஆடின. அவற்றை 200 ஆக்கித் தம்பியின் பழைய கைத்தொலைபேசியில் திறந்ததும், கொக்குப் பட்டமும் பிராந்துப் பட்டமும் விட்டுவிட்டுத் துள்ளத் தொடங்கின. "போன் பழசு, சேர்" என்றார். பயனரைப் புதிய கைத்தொலைபேசி வாங்கச் சொல்வதை நான் ஒருபோதும் தீர்வாக ஏற்பதில்லை. நிரலைத் திறந்து பார்த்தோம்.

ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியே ஒரு செற் இன்ரவல், அதாவது குறித்த இடைவெளிக்கொருமுறை நிரலை இயக்கும் கடிகாரம், ஓடிக்கொண்டிருந்தது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒருமுறை வரையும் படத்துக்கு, கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிதான், கணக்கிடுவதும் வரைவதும் உலாவியின் சொந்த வேலைகளும் அதற்குள் முடியவேண்டும். 200 கடிகாரங்கள் திரையோடு ஒத்துப்போகாமல் தத்தம் போக்கில் அடித்தால், ஒரே சட்டகத்தில் சில பட்டங்கள் இருமுறை நகரும், சில நகரவே மாட்டா. ஆகவே பட்டங்கள் அனைத்தையும் ஒரே அணியில் (தரவுப் பட்டியலில்) வைத்து, அடுத்த சட்டகத்தை வரையுமுன் நிரலை இயக்குமாறு உலாவியைக் கேட்கும் ரிக்குவெஸ்ற் அனிமேஷன் பிரேம் அழைக்கும் ஒரே சுற்றில் நகர்த்தினோம்.

சட்டகத்துக்கு மூன்று திரைப்புள்ளிகள் என்று நகர்த்தினால் 120 ஹேர்ட்ஸ் திரையில் பட்டம் இருமடங்கு வேகத்தில் ஓடும் என்பதால், வேகத்தைக் கழிந்த நேரத்தால் பெருக்கவேண்டும். பயனர் வேறு தாவலுக்குப் போனால் சுற்று நின்றுவிடும். திரும்பி வரும்போது கழிந்த நேரம் பல விநாடிகளாக இருந்து பட்டத்தைத் திரைக்கு வெளியே எறிந்துவிடக்கூடும். அதற்கு 50 மில்லிவிநாடி போன்றதோர் உச்சவரம்பு போதும்.

துள்ளலுக்குப் பெருங்காரணம் இன்னொன்று. சுற்றுக்குள் மாணவி ஒரு பட்டத்தின் இடத்தை உலாவியிடம் கேட்டு, உடனே மாற்றி, அடுத்ததன் இடத்தைக் கேட்டார். மாற்றியபின் கேட்கும் ஒவ்வொரு முறையும் உலாவி பக்கத்தின் அமைப்பை அந்த இடத்திலேயே மீளக் கணக்கிடவேண்டி வந்தது. இடங்களை நமது அணியிலேயே வைத்திருந்தால் கேட்கவே தேவையில்லை. பக்கத்தில் இடத்தைக் குறிக்கும் ரொப், லெப்ற் பண்புகளுக்குப் பதிலாக, வரைந்ததை இடம்பெயர்க்கும் ரான்ஸ்போம் பண்பைக் கொண்டு நகர்த்தினால் அமைப்புக் கணக்கும் பெரும்பாலும் தவிர்க்கப்படும். பட்டங்கள் ஆயிரக்கணக்காகும்போது ஒரே கன்வஸில் (வரைபரப்பில்) வரைவதே என் தெரிவு.

நூலறுந்த பட்டத்தின் தரவை வீசாமல் அடுத்த ஏற்றத்துக்கு மீளப் பயன்படுத்தினால், வேண்டாத தரவை அகற்றும் நினைவகத் துப்புரவுக்காக நிரல் இடையிடையே தடைப்படுவதும் குறையும். இம்மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, அதே பழைய கைத்தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சட்டக நேரத்தை அளந்து பார்த்தோம்.